மங்கி எரியும் முன்விளக்கு

மேற்கு வங்காளத்தின் உத்தர்பாராவில் அம்பாஸிடர் வண்டியின் உற்பத்தி 2014-ஆம் ஆண்டு மே மாதத்தோடு நின்றுபோயிற்று. மும்பைத் தெருக்களில் கறுப்பும் மஞ்சளுமாய் ஓடிக்கொண்டிருந்த பிரீமியர் பத்மினி டாக்ஸிகளும் 2023 அக்டோபர் இறுதியில் விடைபெற்றன. என்றாலும் இவ்வண்டிகளைப் பிரிய மனமில்லாத இல்லங்கள் இன்னும் பல உள. தந்தையார் ஜாம்ஷெட்பூருக்கோ நாகபுரிக்கோ வேலைக்கு வந்த பின்னர் வாங்கியது என்ற பற்று ஒரு காரணம். சில எளிய கருவிகளைக் கொண்டே பழுது பார்த்துவிடலாம் என்ற வசதி மற்றொரு காரணம். அத்தகைய வண்டியை வைத்திருப்போர் இரவுப் பயணத்திற்குப் பின் வழக்கமாகக் கூறும் குறை ஒன்று உண்டு. முன்விளக்கு மின்மினிபோல் எரிகிறது என்பதே அது.

இதனைச் சிறு குறை என்று தள்ளிவிடலாகாது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் ஏறக்குறைய 17 மீட்டர் தூரத்தைக் கடந்துவிடுகிறது. கரும்பேற்றிய டிராக்டர் பின்விளக்கு எதுவுமின்றி முன்னே ஊர்ந்து செல்வது வடநாட்டுச் சாலைகளில் காணக்கூடிய காட்சியே. மார்கழி, தை மாதங்களில் கங்கைச் சமவெளியைப் போர்த்தும் மூடுபனியோ, தென்னாட்டுச் சமவெளியில் வளர்ந்தவர்க்குப் பழக்கமில்லாத ஒன்று. அந்த டிராக்டர் ஒரு நொடி முன்னதாகக் கண்ணிற் படுமா, படாதா என்பதில் ஒரு குடும்பத்தின் கதி அடங்கியிருக்கிறது.

விளக்கு மங்கினால் நம்மவர் செய்யும் முதற்காரியம் கடைக்குச் சென்று 100 வாட் பல்பு ஒன்றை வாங்கிப் பொருத்துவது. கடைக்காரருக்கும் அது உவப்பான காரியந்தான். ஆனால் குறை பெரும்பாலும் பல்பில் இருப்பதில்லை. பல்புக்கு மின்சாரம் வந்து சேரும் வழியிலும், அதைவிட அதிகமாக, அது திரும்பிச் செல்லும் வழியிலும் இருக்கிறது.

சற்று விளக்கிக் கூறுகிறேன். பாட்டரியிலிருந்து கம்பி வழியாக விளக்குக்குச் செல்லும் மின்சாரம், திரும்பும்போது தனிக் கம்பி வழியாகப் பாட்டரிக்கு வருவதில்லை. விளக்கின் அருகிலேயே ஒரு சிறு கறுப்புக் கம்பி வண்டியின் இரும்புத் தகட்டில் திருகாணியால் இறுக்கப்பட்டிருக்கும். அதன் பின்னர் வண்டியின் உடலே கம்பியாகிவிடுகிறது. இதைத்தான் 'எர்த்' என்கிறோம். திருகாணியின் அடியில் துருவேறினால், அல்லது செம்பு முனையில் களிம்பு படர்ந்தால், மின்சாரம் திரும்பும் வாயில் குறுகிவிடுகிறது. கடற்காற்று வீசும் விசாகப்பட்டினத்திலும் கொல்கத்தாவின் ஈரக்காற்றிலும் இது விரைவில் நிகழும். வண்டிக்குப் புதுவண்ணம் பூசிய மறுவாரமே விளக்கு மங்கிற்று என்போரும் உண்டு. வியப்பதற்கு ஒன்றுமில்லை. வண்ணம் மின்சாரத்தைக் கடத்தாது. பூசியவர் திருகாணியின் இருப்பிடத்தையும் சேர்த்துப் பூசிவிட்டிருப்பார்.

இக்குறுகலின் விளைவைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 60 வாட் பல்பு ஒன்று 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் இழுக்கும். இரண்டு பல்புகளுக்கும் சேர்த்து 10 ஆம்பியர். இரண்டிற்கும் பொதுவான வழியில் ஓர் ஓமில் பத்தில் ஒரு பங்கு தடை இருந்தாலே ஏறத்தாழ ஒரு வோல்ட் வீணாகிவிடும். ஒரு வோல்ட்தானே என்று எண்ணவேண்டாம். வோல்ட் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் ஒளி பத்தில் ஒரு பங்கு குறைவதில்லை. ஏறக்குறைய பத்தில் மூன்று பங்கு குறைந்துவிடுகிறது. அந்நிலையில் 100 வாட் பல்பைப் பொருத்தினால் இழுக்கும் ஆம்பியர் மிகுந்து இழப்பும் மிகும். பழைய ஸ்விட்சும் பல்பைத் தாங்கும் பிளாஸ்டிக் கூடும் சூடேறி உருகத் தொடங்கும். அக்காலத்து ஆங்கில முறை வண்டிகள் பலவற்றில் முன்விளக்குச் சுற்றுக்குப் பியூஸே கிடையாது. பியூஸ் போய் இரு விளக்கும் ஒரே கணத்தில் அணைந்துவிடக் கூடாதே என்ற எண்ணம் அது. நல்லெண்ணந்தான், ஆனால் கம்பி தீயும்போது தடுக்க யாருமில்லை. பியூஸ் உள்ள வண்டியிலும் அது இருக்குமிடத்தில் சிகரெட்டுப் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றி வைப்போர் இருக்கின்றனர். வண்டியில் தாமே தீ மூட்டுவதற்கு ஒப்பானது அச்செயல்.

குறை எங்கே என்று கண்டறிய ஓர் எளிய சோதனை போதும். முன்விளக்கை எரியவிட்டு, தடித்த கம்பி ஒன்றின் ஒரு முனையைப் பாட்டரியில் வண்டியின் உடலோடு இணைந்துள்ள முனையிலும், மறுமுனையை விளக்கின் எர்த் ஊசியிலும் வையுங்கள். விளக்கு சட்டெனப் பிரகாசித்தால் குற்றவாளி அகப்பட்டுவிட்டான். உடலோடு இணைந்த முனை எது என்பதை முதலிற் கண்ணால் பார்த்துக்கொள்ளவேண்டும். 1960-களின் நடுப்பகுதிக்கு முற்பட்ட ஆங்கில முறை வண்டிகள் பலவற்றில் அது எதிர்முனையன்று, நேர்முனை. வோல்ட் மீட்டர் உள்ளவர், விளக்கு எரியும்போதே அவ்விரு இடங்களுக்கும் இடையே அளந்து பார்க்கலாம். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் இணைப்பு பழுது. மோதிரத்தையும் உலோகக் கைக்கடிகாரத்தையும் கழற்றி வைத்துவிட்டே இவ்வேலையில் இறங்குக.

மீட்டர் இல்லாமலே விளக்கின் நடத்தையைக் கொண்டும் பலவற்றை ஊகிக்கலாம். ஒன்று மட்டும் மங்கினால், அந்தப் பக்கத்துப் பல்பையோ எர்த்தையோ பாருங்கள். முன்விளக்கைப் போட்டவுடன் பக்கத்திலுள்ள சிறு விளக்கும் தானே மினுங்கினால் எர்த் பழுதென்பது உறுதி. வழி அடைபட்ட மின்சாரம் அண்டை வீட்டின் வழியே வெளியேறப் பார்க்கிறது. தூர ஒளி நன்றாயிருந்து, தாழ்ந்த ஒளி இரு பக்கமும் இல்லையெனில் டிப் ஸ்விட்சை நாடவேண்டும். பல பழைய வண்டிகளில் அது ஓட்டுநரின் இடக்காலடியில் இருக்கிறது. மழைநாளில் செருப்போடு ஏறும் சேறும் நீரும் அதன் தலையில்தான் இறங்குகின்றன. மூடுபனியில் தூர ஒளி நம் கண்ணையே கூசச்செய்யும், தாழ்ந்த ஒளிதான் கைகொடுக்கும். ஆதலின் இதைப் புறக்கணிக்கலாகாது. டைனமோ பொருத்திய வண்டியில் எஞ்சின் மெதுவாக ஓடும்போது ஒளி சற்றே குறைவது இயல்பு. எஞ்சின் விரையும்போது ஒளி அளவுக்கு மீறிப் பெருகி, பல்புகள் அடிக்கடி போனால் மட்டும் ரெகுலேட்டரைச் சந்தேகிக்கவேண்டும்.

எர்த்தைச் செப்பனிட்ட பின்னும் நிறைவான ஒளி இல்லையெனில் ரிலே பொருத்துவது நலம். பழைய ஸ்விட்சு ரிலேயைத் தூண்டும் சிறு மின்சாரத்தை மட்டும் சுமக்கும். பெருமின்சாரம் பாட்டரியிலிருந்து தடித்த கம்பி வழியாக நேரே விளக்குக்குப் போகும். அக்கம்பியில் பாட்டரியை ஒட்டியே ஒரு பியூஸும் இருத்தல் வேண்டும்.

வேற்று மாநிலத்துப் பட்டறையில் இவற்றையெல்லாம் எடுத்துரைப்பது எப்படி என்று சிலர் தயங்கலாம். வங்கமோ மராத்தியோ சரளமாக வராதவர்க்கும் இங்கே ஒரு பொதுமொழி உண்டு. லூக்காஸ் முறையில் கம்பியிடப்பட்ட வண்டிகளில் நீலத்தில் வெள்ளைக்கோடு தூர ஒளிக்கு, நீலத்தில் சிவப்புக்கோடு தாழ்ந்த ஒளிக்கு, கறுப்பு எர்த்துக்கு. கறுப்புக் கம்பியைச் சுட்டி 'எர்த்' என்றால் எந்த ஊர் மிஸ்திரிக்கும் விளங்கும். இடையில் யாரேனும் கைக்குக் கிடைத்த நிறத்துக் கம்பியைச் செருகியிருந்தால் இவ்விதி செல்லாது என்பதையும் சொல்லிவிடவேண்டும்.

எர்த்தைத் துப்புரவு செய்வது அரைமணி நேர வேலை. முதலில் பாட்டரியின் எர்த் முனையைக் கழற்றிவிடுங்கள். பின்னர்த் திருகாணியை எடுத்து, தகட்டின் அவ்விடத்தை உப்புத்தாளால் வெள்ளை இரும்பு தெரியும் வரை தேய்த்து, களிம்பேறிய முனையை மாற்றி இறுக்கி, மேலே சிறிது வாஸ்லைன் பூசுங்கள். பல்பைத் திரும்பப் பொருத்தும்போது ஹாலஜன் கண்ணாடியில் விரல் படலாகாது. துணியால் பிடித்துப் பொருத்துக. மழைக்காலம் முடிந்து பனி தொடங்குவதற்கு முன் ஆண்டுக்கொருமுறை இதைச் செய்துவிடலாம்.