கொடி இரத்தமும் உறைபனியும்
(மன்றக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



பிள்ளை பிறந்ததும் கொப்பூழ்க்கொடியோடு நாம் எறிந்துவிடும் இரத்தத்தில், புது இரத்தம் உண்டாக்கும் மூல உயிரணுக்கள் இருக்கின்றன. 1988இல் பாரிஸ் நகரில் எலியான் குளுக்மன் என்னும் வைத்தியர், ஃபன்கோனி இரத்தசோகையால் வாடிய அமெரிக்கச் சிறுவனுக்கு அவன் தங்கையின் கொடி இரத்தத்தை ஏற்றிப் பிழைக்கவைத்தார். அந்த இரத்தம் அமெரிக்காவில் உறையவைக்கப்பட்டே பாரிசுக்குச் சென்றது.

உறையவைப்பது எளிதா? ஐஸ் பெட்டியிற் கட்டியாகிய மீன் இளகும்போது தசை குழைந்து நீர் கசிவதை நம் அடுக்களையிற் கண்டிருக்கிறோம். பனி ஊசிகள் செய்த வேலை அது. ஆகவே டி.எம்.எஸ்.ஓ. என்னும் மருந்தைக் கலந்து, நிமிடத்துக்கு ஏறக்குறைய 1 பாகை வீதம் குளிர்விக்கிறார்கள். விரைந்தால் அணுவுக்குள்ளே பனி. மிகத் தாமதித்தால் நீர் வற்றி அணு சுருங்கிப்போம். பின்பு திரவ நைதரசனில், -196 பாகையில் வாசம்.

இளக்குவதோ நேர்மாறு. 37 பாகை நீரில் விரைவாக இளக்கவேண்டும். சூடேறியபின் காத்த மருந்தே நஞ்சாகும். செங்குருதி அணுக்கள் பல உடைந்தாலும் மூல உயிரணுக்கள் பெரும்பாலும் தாங்குகின்றன.

சென்னையிற் பணம் பெற்றுச் சேமிக்கும் நிலையங்கள் உண்டு. பிள்ளையின் சொந்தப் பிற்காலத் தேவைக்கெனச் சேமிப்பதற்கு விஞ்ஞான ஆதாரமில்லை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இற் கூறியது. தலசீமியாப் பிள்ளையின் கொடி இரத்தத்திலும் அதே குறைதானே இருக்கும்! ஆனால், அப்படியொரு பிள்ளை உள்ள வீட்டில் மறுபிள்ளை பிறக்கவிருந்தால் கதை வேறு; பிரசவத்துக்கு முன்பே வைத்தியரோடு பேசிவிடவேண்டும்.