தோல் நலமும் மென்மையான ஸ்டீராய்டு களிம்பும்

(ஆலயத் திருவிழாவையொட்டி நடைபெற்ற நல்வாழ்வு நிகழ்ச்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

உடல் நலம் பற்றிச் சில சொற்கள் பேசுமாறு ஆலய நிர்வாகத்தினர் என்னைப் பணித்தனர். நீரிழிவு, இரத்தக் கொதிப்பு, இதய நோய் ஆகியவை பற்றிப் பலரும் பேசக் கேட்டிருப்பீர்கள். ஆகவே, நம் வீட்டு மருந்துப் பெட்டியில் இருந்தும் நாம் அதிகம் எண்ணிப் பார்க்காத ஒரு சிறிய களிம்பைப் பற்றி இன்று பேச விழைகிறேன். அரிப்புக்கும் கரப்பானுக்கும் தடவுகின்ற ஸ்டீராய்டு களிம்பே அது.

இக்களிம்பைப் பொறுத்தவரை நம் மக்களிடையே இரு வகைப் போக்குகள் உள்ளன. "ஸ்டீராய்டு" என்ற சொல்லைக் கேட்டவுடனே அஞ்சி, குழந்தை இரவெல்லாம் சொறிந்து புண்ணாக்கிக் கொண்டாலும் மருந்தைத் தொட மறுப்பவர்கள் ஒரு புறம். கையில் கிடைத்த களிம்பை எதற்கும், எத்தனை மாதங்களுக்கும், முகத்திலும்கூடத் தடவுகின்றவர்கள் மறு புறம். இரண்டுமே தீங்கு பயப்பவை. முறையறிந்து பயன்படுத்தினால் இது நல்ல மருந்து. முறை தவறினால் தோலையே கெடுக்கும்.

மருந்தின் வரலாறும் செயலும்

நம் சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல அமர்ந்துள்ள அட்ரீனல் சுரப்பிகள் கார்ட்டிசோல் என்னும் சுரப்பு நீரை இயற்கையாகவே உண்டாக்குகின்றன. இச்சுரப்பியின் நீர்களை ஆராய்ந்தமைக்காக எட்வர்ட் கெண்டல், ததேயுஸ் ரைக்ஸ்டைன், பிலிப் ஹென்ச் ஆகிய மூவருக்கும் 1950ஆம் ஆண்டில் மருத்துவத்திற்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. 1952ஆம் ஆண்டில் மேரியன் சுல்ஸ்பெர்கர், விக்டர் விட்டன் என்னும் இரு அமெரிக்க மருத்துவர்கள் ஹைட்ரோகார்ட்டிசோனைக் களிம்பாகத் தோலில் தடவிப் பயன் கண்டனர். கார்ட்டிசோல், ஹைட்ரோகார்ட்டிசோன் இரண்டும் ஒரே பொருளின் இரு பெயர்கள். நம் உடலுக்கு அறிமுகமான பொருளே மருந்தாகக் குழாயில் அடைக்கப்பட்டு வருகிறது.

தோலில் ஒவ்வாமையோ உராய்வோ ஏற்படும்பொழுது, உடலின் தற்காப்பு அணுக்கள் அங்கு விரைந்து, வீக்கத்தையும் சிவப்பையும் அரிப்பையும் உண்டாக்குகின்றன. நம்மைப் போன்ற கருநிறத் தோலில் அச்சிவப்பு தெளிவாகத் தெரியாது. கரும்பழுப்பாகவோ ஊதாவாகவோ தோன்றும். இந்த அழற்சியை ஸ்டீராய்டு தணிக்கிறது. கிருமிகளைக் கொல்லும் ஆற்றல் அதற்கு இல்லை என்பதை மனத்திற் பதித்துக்கொள்ள வேண்டுகிறேன். பின்னர் நான் சொல்லவிருக்கும் எச்சரிக்கைகளுள் பலவற்றிற்கு இதுவே காரணம்.

விழுக்காட்டைக் கண்டு ஏமாற வேண்டா

ஸ்டீராய்டு களிம்புகள் வலிமையில் நான்கு படிநிலைகளாகப் பிரிக்கப்படுகின்றன. 1 விழுக்காடு ஹைட்ரோகார்ட்டிசோன் மென்மையானது. 0.05 விழுக்காடு குளோபெட்டசோன் நடுத்தரமானது. 0.1 விழுக்காடு பீட்டாமெத்தசோன் வேலரேட் வலிமையானது. 0.05 விழுக்காடு குளோபெட்டசால் மிக வலிமையானது.

எண் சிறியதாக இருந்தால் மருந்தும் மென்மையாக இருக்கும் என்று நினைப்பது பெரும் பிழை. 0.05 என்று அச்சிட்ட குளோபெட்டசால், 1 என்று அச்சிட்ட ஹைட்ரோகார்ட்டிசோனைவிடப் பன்மடங்கு வலிமை கொண்டது. குளோபெட்டசோன், குளோபெட்டசால் என்னும் பெயர்களும் ஒன்றுபோல் ஒலித்துக் குழப்பம் தரும். எனவே எண்ணைப் பார்த்து முடிவு செய்யாமல், மருந்தின் பெயரை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். ஐயமிருப்பின் மருந்தாளரிடம் காட்டுங்கள். மென்மையான களிம்பை மருந்தகத்தில் மருந்தாளரைக் கலந்து பெறலாம். வலிமையானவற்றை மருத்துவரின் சீட்டின்றிப் பயன்படுத்தலாகாது.

எதற்குப் பயன்படும்?

சிறு அளவிலான கரப்பான், சோப்பு அல்லது சலவைத் தூளால் ஏற்படும் அழற்சி, பூச்சிக்கடி, ஒவ்வாமைத் தடிப்பு ஆகியவற்றிற்கு மென்மையான களிம்பு பயன்படும். பெரியவர்கள் தாமாக வாங்கித் தடவுவதாயின் நாளொன்றுக்கு ஒரு முறை அல்லது இரு முறை, 7 நாள்களுக்கு மேற்படாமல் தடவுவது நன்று. அதற்குள் குணம் தெரியாவிட்டாலோ, மேலும் மோசமானாலோ, மருத்துவரைக் காண வேண்டும். குழந்தைகளுக்குத் தடவும் முன்னர் மருத்துவரின் ஆலோசனையைப் பெறுதல் அவசியம். கருவுற்ற தாய்மார்களும் பாலூட்டும் தாய்மார்களும் தம் நிலையைச் சொல்லி, கேட்டறிந்து தடவ வேண்டும்.

எதற்குத் தடவலாகாது?

முதலாவது, படர்தாமரை. இது பூஞ்சையால் வருவது. வட்டமாக, விளிம்பு தடித்து, நடுப்பகுதி தெளிந்து காணப்படும். ஸ்டீராய்டைத் தடவினால் இரண்டொரு நாளில் அரிப்பு அடங்கும். நோய் தீர்ந்தது என்று நாம் மகிழ்ந்திருக்க, பூஞ்சையோ தடையின்றிப் பரவும். விளிம்பின் உருவமும் மாறிவிடுவதால் மருத்துவருக்கும் இனங்காண்பது கடினமாகும்.

இரண்டாவது, அம்மை. அம்மைக் கொப்புளங்களின் மீது ஸ்டீராய்டைத் தடவுதல் கூடாது. மூன்றாவது, சொறி சிரங்கு. சிறு பூச்சியால் வரும் இந்நோய்க்குத் தனி மருந்து உண்டு. வீட்டிலுள்ளோர் அனைவரும் ஒரே வேளையில் சிகிச்சை பெற வேண்டும். இரவில் அரிப்பு மிகுந்து, வீட்டில் ஒருவருக்குப் பின் ஒருவராகச் சொறிந்தால் இதனை நினைவிற்கொள்ளுங்கள். இவை தவிர, சீழ் வைத்த புண், முகப்பரு, திறந்த காயம் ஆகியவற்றிற்கும் இம்மருந்து ஆகாது. நேர்த்திக்கடனாக அலகு குத்திக்கொள்ளும் அன்பர்கள், அக்காயங்களின் மீதும் இதனைத் தடவலாகாது.

கரப்பான் உள்ள குழந்தைக்குக் காய்ச்சலுடன் திடீரென வலிமிக்க கொப்புளங்கள் கொத்துக்கொத்தாகத் தோன்றினால், களிம்பைத் தேடி நேரத்தைப் போக்காமல் உடனே மருத்துவமனைக்கு விரையுங்கள். அது கடுமையான வைரஸ் தொற்றாக இருக்கக்கூடும்.

எவ்வளவு தடவுவது?

"மெல்லியதாகத் தடவுக" என்று சீட்டில் எழுதியிருக்கும். அந்த மெல்லியது எவ்வளவு? இதற்கு ஓர் எளிய அளவை 1991ஆம் ஆண்டில் மருத்துவர்கள் வகுத்துத் தந்தனர். அதனை விரல்நுனி அளவு என்பர். பெரியவர் ஒருவரின் ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை, வழக்கமான குழாயிலிருந்து பிதுக்கி வைத்த களிம்பே ஒரு விரல்நுனி அளவு. அஃது ஏறக்குறைய அரை கிராம். விரல்களைச் சேர்த்து வைத்த இரு உள்ளங்கைகள் மறைக்கும் பரப்பிற்கு அது போதும்.

பெரியவரின் ஒரு கையின் மணிக்கட்டுக்குக் கீழ் இரு புறமும் தடவ 1 அளவும், ஒரு பாதத்திற்கு 2 அளவும், தோளிலிருந்து மணிக்கட்டு வரை 3 அளவும், ஒரு காலுக்கு 6 அளவும் வேண்டும். குழந்தைக்குத் தடவும்பொழுதும் அளக்க வேண்டியது பெரியவரின் விரலால்தான். ஆனால் அளவுகள் மிகக் குறையும். 3 முதல் 6 மாதக் குழந்தையின் ஒரு கை முழுமைக்கும் 1 அளவே போதும்.

தடவும் முறையும் எளிதே. கைகளைக் கழுவி, பாதிக்கப்பட்ட இடத்தில் மட்டும் மென்மையாகப் பரப்ப வேண்டும். தடவிய பின் மீண்டும் கைகளைக் கழுவ வேண்டும். கைக்கே மருந்து என்றால் கழுவ வேண்டா. ஈரப்பதம் காக்கும் களிம்பையும் பயன்படுத்துவோர், ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் இடையே 20 முதல் 30 நிமிட இடைவெளி விடுவது நன்று. வறண்டு தடித்த தோலுக்கு எண்ணெய்ப் பசையுள்ள களிம்பும், நீர் கசியும் இடங்களுக்கும் தோல் மடிப்புகளுக்கும் கிரீமும் ஏற்றவை. நம் நாட்டின் வெப்பத்தில் களிம்பு பிசுபிசுப்பாக இருக்கிறதென்று பலர் பாதியில் நிறுத்திவிடுவர். அவர்கள் கிரீமாக மாற்றித் தரக் கேட்கலாம்.

மருந்து தடவிய இடத்தைப் பிளாஸ்டிக் தாளாலோ இறுகிய கட்டாலோ மூடினால் மருந்து உள்ளே மிகுதியாக ஊறும். குழந்தையின் இடுப்பில் கட்டும் டயப்பரும் அத்தகைய மூடியே. கண்ணிமை, முகம், அக்குள், தொடையிடுக்கு ஆகிய இடங்களில் தோல் மெல்லியது. மருத்துவர் சொன்னாலன்றி அங்குத் தடவ வேண்டா. கண்ணைச் சுற்றி நெடுநாள் தடவினால் கண்ணழுத்த நோயும் கண்புரையும் வரக்கூடும்.

வெண்மைக் கிரீம்களும் ஊர்க் களிம்புகளும்

இப்பொழுது நான் சொல்லப் போவதைத் தாய்மார்களும் இளம் பெண்களும் சற்றுக் கருத்தூன்றிக் கேட்க வேண்டுகிறேன். சில நாள்களில் முகத்தை வெளுக்கச் செய்யும் என்று சொல்லி, இரவுச் சந்தைகளிலும் கைப்பேசி வழியாகவும் விற்கப்படும் கிரீம்கள் சிலவற்றில், பாதரசம், ஹைட்ரோகுவினோன், பீட்டாமெத்தசோன் போன்ற பொருள்கள் மறைவாகக் கலக்கப்பட்டிருப்பதை மலேசியச் சுகாதார அமைச்சின் தேசிய மருந்து ஒழுங்குமுறைப் பிரிவு பன்முறை கண்டறிந்து எச்சரித்துள்ளது. சிங்கப்பூரின் சுகாதார அறிவியல் ஆணையமும் ஸ்டீராய்டு கலந்த கிரீம்களைக் குறித்து எச்சரித்துள்ளது. இவற்றைத் தடவினால் முதலில் முகம் பளபளக்கும். நாளடைவில் தோல் மெலிந்து, நுண்ணிய இரத்தக் குழாய்கள் வெளியே தெரியும், பருக்கள் வெடிக்கும். நிறுத்தினாலோ முகம் சிவந்து எரியும். எனவே மீண்டும் அதையே நாட வேண்டிவரும். நெடுநாள் தடவியவர்கள் மருத்துவரின் துணையோடு அதிலிருந்து மீள வேண்டும்.

தமிழகம் சென்று திரும்பும் உறவினர்கள் அன்போடு களிம்புகளையும் வாங்கி வருவதுண்டு. வலிமையான ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, கிருமிக்கொல்லி மூன்றும் ஒரே குழாயில் கலந்த களிம்புகள் அங்கு நெடுங்காலமாக எளிதில் கிடைத்து வந்தன. அவற்றின் தவறான பயன்பாடு, இந்தியாவில் அடங்காத படர்தாமரை பெருகியதற்கு ஒரு காரணம் என்று தோல் மருத்துவர்கள் கருதுகின்றனர். 2018ஆம் ஆண்டில் இந்திய அரசு 14 ஸ்டீராய்டு தோல் மருந்துகளை மருத்துவரின் சீட்டுக்கு உட்பட்டவையாக அறிவித்தது. அன்புடன் தரப்பட்டது என்பதற்காக, உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத மருந்தைத் தடவலாமா? மலேசியாவில் மருந்து வாங்கும்பொழுது, உறையில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் பதிவு எண் உள்ளதா என்று பாருங்கள்.

வழிபாட்டோடு தொடர்புடைய சில செய்திகள்

நெற்றியில் பொட்டு வைக்கும் இடத்தில் அரிப்பும் கருமையும் தோன்றினால், களிம்பைத் தடவிக்கொண்டே அதே குங்குமத்தை இடுவதால் பயனில்லை. மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்த்துச் செய்யும் குங்குமம் வேறு. செயற்கைச் சாயம் கலந்தது வேறு. சாயம் சிலருக்கு ஒவ்வாது. ஒட்டுப் பொட்டின் பசையிலுள்ள ஒரு வேதிப் பொருள் சிலருக்கு வெண்புள்ளியையும் உண்டாக்கும். காரணத்தை விலக்குவதே முதல் மருந்து.

இன்னொன்றையும் வலியுறுத்திச் சொல்கிறேன். பாரஃபின் கலந்த களிம்புகளும் ஈரப்பதம் காக்கும் கிரீம்களும் துணியில் படிந்து உலர்ந்தால், அத்துணி எளிதில் தீப்பற்றி விரைவாக எரியும். சாதாரணச் சலவையில் அப்படிவு முழுவதும் நீங்குவதில்லை. உடல் முழுதும் இத்தகைய களிம்பைத் தடவி வருவோர், கற்பூர ஆரத்தியின் அருகிலும் அகல் விளக்குகளின் அருகிலும் தீமிதித் திடலிலும் மிகுந்த கவனத்துடன் இருக்க வேண்டும். சேலைத் தலைப்பையும் வேட்டி நுனியையும் ஒதுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள்.

அச்சமும் வேண்டா, அலட்சியமும் வேண்டா

"ஸ்டீராய்டு தடவினால் குழந்தை கறுத்துவிடும்" என்று சில பாட்டிமார்கள் தடுப்பதுண்டு. கரப்பான் ஆறிய பின் எஞ்சும் கருமை, பெரும்பாலும் அழற்சியும் சொறிதலும் விட்டுச் சென்ற தடமே, மெல்ல மறையும். மருந்தை மறுத்து நோயை வளர்த்தால் அத்தடமே ஆழமாகும். தூக்கமின்றித் தவிக்கும் பிள்ளை பள்ளியில் எவ்வாறு கருத்தூன்றிப் படிக்கும்? மருத்துவர் சொன்ன மென்மையான களிம்பை, சொன்ன அளவில், சொன்ன நாள்கள் வரை தடவினால் தீங்கு நேர்வது அரிது.

இறுதியாக, வீடு திரும்பியதும் செய்ய வேண்டிய ஒரு பணியைச் சொல்லி அமர்கிறேன். மருந்துப் பெட்டியைத் திறந்து, அதிலுள்ள களிம்புகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். காலாவதியானவற்றை அகற்றுங்கள். பெயர் அழிந்தவற்றையும், யாருக்கோ எதற்கோ கொடுத்தவற்றையும் அகற்றுங்கள். எஞ்சியவற்றின் மேல் யாருக்கு, எதற்கு, எந்நாளில் திறந்தது என்று எழுதி வையுங்கள். வெயிலில் நிறுத்திய காரினுள் மருந்தை விட்டு வைக்காதீர்கள். ஐயமிருந்தால் குழாயோடு மருந்தாளரிடம் செல்லுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டா.

 இறையருளால் எல்லா இல்லங்களிலும் நலம் நிறைக.