பங்குப் பத்திரமும் தொழிலாளர் அதிகாரமும்

(காந்தலூரில் நடைபெற்ற கட்சி அரசியல் வகுப்பில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



சோவியத் ஒன்றியம் சிதைந்த பின்னர் அந்நாடுகள் சென்ற பாதைகளைக் குறித்துப் பேசுமாறு பணித்துள்ளீர்கள். பூண்டும் காய்கறியும் விளையும் இம்மலைச்சரிவில் அந்தப் பேச்சு எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். உங்களில் பலருடைய உறவினர் மூணாறுத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கின்றனர். 1980களின் இறுதியில் இந்தியத் தேயிலை ஏற்றுமதியில் ஏறத்தாழப் பாதியை வாங்கியது சோவியத் ஒன்றியமே. டாலர் தேவைப்படாத ரூபாய் வணிகம் அது. 1991 டிசம்பரில் கிரெம்ளினில் செங்கொடி இறக்கப்பட்டபோது அந்தச் சந்தையும் ஆட்டங்கண்டது.

மக்கள் கேட்டா அது இறக்கப்பட்டது? அவ்வாண்டு மார்ச் 17 அன்று நடந்த பொதுவாக்கெடுப்பை ஆறு குடியரசுகள் புறக்கணித்தன. ஏனைய ஒன்பதில் வாக்களித்தோரில் 76 சதவீதத்தினர் ஒன்றியம் நீடிக்க வேண்டும் என்றனர். டிசம்பர் 8 அன்று மூன்று குடியரசுகளின் தலைவர்கள் கையெழுத்திட்டு அதை முடித்துவைத்தனர்.

இதன்பின் நிகழ்ந்ததை உலக வங்கியின் ஆவணங்கள் ‘நிலைமாற்றம்’ என்றே குறிப்பிடும். மொழிபெயர்க்கும்போதெல்லாம் என்னை உறுத்தும் சொல் இது. சேருமிடம் முதலாளித்துவமே என முன்பே முடிவுசெய்துகொண்டு, வழியை மட்டும் பேசுகிற சொல். அவ்வழியில் விழுந்தவர்கள் ஏராளம். 1990இல் ஏறத்தாழ 64 ஆக இருந்த ரஷ்ய ஆண்களின் சராசரி ஆயுள், 1994இல் 58க்கும் கீழே சென்றது.

நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது தனியார்மயம் நடந்த விதம். 1992 இறுதியில் குடிமக்கள் ஒவ்வொருவருக்கும் 10,000 ரூபிள் முகமதிப்புள்ள வவுச்சர் தரப்பட்டது. அதைவிடக் கவர்ச்சியான ஏற்பாடு ஒன்றும் இருந்தது. ஆலையின் வாக்குரிமைப் பங்குகளில் 51 சதவீதத்தை அங்குப் பணிபுரிவோரே வாங்கிக்கொள்ளலாம். பெரும்பாலான ஆலைகள் இதையே தேர்ந்தெடுத்தன. காகிதத்தில் பார்த்தால் ஆலை தொழிலாளியுடையது! ஆனால் கணக்கேடும், கொள்முதலும், இயக்குநர் நாற்காலியும் பழைய நிர்வாகிகளிடமே இருந்தன. மாதக்கணக்கில் ஊதியம் வராதபோது தொழிலாளி பங்கை விற்றார். நிர்வாகியும் இடைத்தரகரும் வாங்கினர். 1995இல் ‘கடனுக்கு ஈடாகப் பங்கு’ என்ற திட்டம் வந்தது. நோரில்ஸ்க் நிக்கலின் 38 சதவீதப் பங்கு 17 கோடி டாலருக்கு ஒரு வங்கியின் கைக்குப் போயிற்று.

எல்லாக் குடியரசுகளும் ஒரே பாதையில் செல்லவில்லை. பெலாரஸ் தன் டிராக்டர் ஆலையைப் போன்ற பெருந்தொழில்களை அரசிடமே வைத்துக்கொண்டது; அங்கும் தொழிலாளர் கையில் அதிகாரம் இருக்கிறதென்று நான் சொல்லமாட்டேன். எண்ணெய் வளமிக்க கசகஸ்தானில், 2011 டிசம்பரில் ழனாவோசன் நகரில் எண்ணெய்த் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின் முடிவில் காவல்துறை சுட்டது. பத்துப்பேருக்கு மேல் மாண்டனர்.

இனி மூணாறு. 2005இல் டாடா டீ தோட்டத் தொழிலிலிருந்து விலகியபோது கண்ணன் தேவன் மலைத்தோட்ட நிறுவனம் உருவானது. பெரும்பான்மைப் பங்குகள் தொழிலாளர், ஊழியர் பெயருக்கு வந்தன. ரஷ்யாவில் நடந்த கொள்ளையும் இதுவும் ஒன்றென்று நான் வாதிடவில்லை. ஆயினும், 2015 செப்டம்பரில் போனஸ் 20 சதவீதத்திலிருந்து பாதியாகக் குறைக்கப்பட்டபோது, பங்குதாரர்களான பெண்களே சாலையில் அமர வேண்டியதாயிற்று. நாட்கூலி அன்று 232 ரூபாய். அவர்கள் கேட்டது 500. ‘பெண்கள் ஒற்றுமை’ என்ற பெயரில் திரண்ட அவர்கள் தொழிற்சங்கத் தலைவர்களை அருகில் அண்டவிடவில்லை. இடதுசாரிச் சங்கங்களும் அதற்கு விலக்கல்ல. அந்தக் கோபத்தை வெளியார் தூண்டுதல் என்று ஒதுக்கிய குரல்கள் நம்மிடையேயும் எழுந்தன; அது தவறு.

சோவியத் தொழிற்சங்கங்களில் ஏறக்குறைய எல்லாத் தொழிலாளரும் உறுப்பினர். ஓய்வில்லச் சீட்டும் வீட்டு ஒதுக்கீடும் அவற்றின் அன்றாட வேலையாகிவிட்டிருந்தன. ஆலை கைமாறியபோது தடுக்க அவற்றால் இயலவில்லை. ஒன்றரைக் கோடிக்கு மேல் உறுப்பினர் கொண்டிருந்த கட்சி தடைசெய்யப்பட்ட நாளிலும் ஆலைகள் வழக்கம்போல் இயங்கின.

தோட்டங்களிலிருந்து வந்துள்ள தோழர்கள் விவாதத்தில் முதலில் பேச வேண்டுகிறேன். பங்குதாரர் கூட்டத்து அறிவிப்பு உங்கள் கைக்கு எந்த மொழியில் வருகிறது? ஆண்டு வரவுசெலவு அறிக்கையைச் சங்கம் என்றேனும் லயங்களில் படித்து விளக்கியதுண்டா? தமிழில் பெயர்த்துத் தர வேண்டுமெனில், அடுத்த ஆண்டு அறிக்கையிலிருந்து அப்பணியை நான் ஏற்கிறேன்.