கோபுரத்தைக் காப்பவர் யார்?

திருவண்ணாமலைக்குச் செல்வோர் கண்ணுக்கு முதலில் தோன்றுவது மலை. அடுத்துத் தோன்றுவது ராஜகோபுரம். 11 நிலைகள், 217 அடி உயரம். விசயநகர வேந்தர் கிருஷ்ணதேவராயர் தொடங்கிய பணியைத் தஞ்சைச் சேவப்ப நாயக்கர் நிறைவேற்றினார். தொடங்கியவர் முடிவைக் காணவில்லை. பெருங்கோபுரங்களின் இயல்பே அதுதான் போலும்!

மாணவ நண்பர்களே, அக்கோபுரம் முழுவதும் கல்லன்று. அடிப்பகுதி கருங்கல், மேல்நிலைகளோ செங்கல்லும் சுண்ணச்சாந்தும், அவற்றின்மேல் சுதையுருவங்களும். கல் நூற்றாண்டுகளைப் பொறுக்கும், சுதை பொறாது. மழைநீர் விரிசலில் இறங்கும். பறவை எச்சத்தில் விழுந்த ஆலம்விதையொன்று முளைத்தால் போதும், அதன் வேர் செங்கல்லைப் பிளந்துவிடும். ஆகவேதான் நம் முன்னோர் திருப்பணி என்றும் குடமுழுக்கு என்றும் ஒரு முறை வகுத்தனர். இக்கோயிலில் 2017 பிப்ரவரி 6ஆம் நாள் குடமுழுக்கு நடந்தது. எனவே இன்று நாம் காணும் வண்ணமும் சுதையும் ராயர் காலத்தவை அல்ல, தலைமுறைதோறும் புதுப்பிக்கப்பட்டவை.

இங்கேதான் ஒரு சிக்கல் எழுந்தது. 2002ஆம் ஆண்டு மத்திய அரசு இக்கோயிலைத் தேசியச் சின்னமாக அறிவித்துத் தொல்பொருள் ஆய்வுத் துறையின் காவலில் வைக்க முற்பட்டது. பெருமைதானே என்று நமக்குத் தோன்றலாம். ஊராரோ எதிர்த்து எழுந்தனர். 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி, காக்கப்படும் சின்னத்தின் பழைய உருவை எவரும் தம் விருப்பம்போல் மாற்றலாகாது. அதைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிய கட்டடம் எழுப்பலாகாது என்பது 1992இல் வந்த விதி. மதிலையொட்டிய மாட வீதிகளில் வீடும் கடையும் வைத்திருப்போர் அஞ்சியதில் வியப்பென்ன? வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2004இல் அரசு அறிவிப்பைத் திரும்பப் பெற்றது; கோயில் இந்து அறநிலையத்துறையின் பொறுப்பிலேயே நீடித்தது.

ஊரார் பக்கம் நியாயம் உண்டு. பூசையும் விழாவும் நடக்கும் கோயிலைக் காட்சிச்சாலைப் பொருள்போல் பூட்டி வைக்க இயலாது. ஆயினும் தொல்பொருள் அறிஞரின் கவலையை நான் எளிதில் தள்ளிவிடமாட்டேன். தமிழகத்துக் கோயில்கள் சிலவற்றில், தூய்மை செய்கிறோம் என்று மணலைப் பீய்ச்சி அடித்துச் சுவரைத் துலக்கியபோது, கல்வெட்டெழுத்துகள் தேய்ந்து போயின. சுதையைப் புதிதாகச் செய்து கொள்ளலாம். அழிந்த கல்வெட்டை யார் திரும்ப எழுதுவார்?

வடக்குக் கோபுரத்தையும் நினைத்துக் கொள்ளுங்கள். அதை எழுப்பியவர் அரசரல்லர்; அம்மணி அம்மாள் என்னும் துறவி. ஊர் ஊராகப் பொருள் திரட்டி 171 அடிக்கு உயர்த்தினார் என்பர். அவர் பெயராலேயே மக்கள் அதனை இன்றும் அழைக்கின்றனர்.

அடுத்த முறை அங்கே செல்லும்போது, கிழக்கு வாயிலில் சற்று நின்று, கருங்கல் முடிந்து செங்கல் தொடங்கும் இடத்தை அண்ணாந்து நோக்குங்கள். அங்கே பசிய இலை ஏதேனும் தென்படுகிறதா என்றும் பாருங்கள்.