இளவயதில் தள்ளாட்டம்: கைத்தடிக்கு வெட்கம் வேண்டாம்

(நமது டிரஸ்ட்டின் மாதாந்திர மருத்துவ வழிகாட்டல் கூட்டத்தில் ஒரு சகோதரர் ஆற்றிய உரை)





70 வயதுப் பெரியவர் விழுந்தால் நாலு பேர் ஓடி வருவார்கள். 20 வயதுப் பையன் விழுந்தால் முதலில் சிரிப்பார்கள். அடிக்கடி விழுந்தால், "எதையோ குடித்திருக்கிறான்" என்பார்கள். பேச்சும் கொஞ்சம் குழறினால் கேட்கவே வேண்டாம். முஸ்லிம் வீட்டுப் பிள்ளைக்கு இதைவிட அவமானம் ஏது? இதற்குப் பயந்தே பலர் வீட்டோடு முடங்கிவிடுகிறார்கள். நடக்காமல் இருக்க இருக்கக் கால் இன்னும் பலம் குறையும். அடுத்த முறை விழுவது இன்னும் சுலபம்.

எனக்கு இருப்பது ஃப்ரீட்ரைக் அட்டாக்ஸியா என்ற நரம்பு நோய். 1863-இல் இதை விவரித்த ஜெர்மன் மருத்துவரின் பெயரால் அழைக்கிறார்கள். கால் எங்கே இருக்கிறது என்ற சேதியை மூளைக்குக் கொண்டுபோகும் நரம்புகள் இதில் பழுதாகின்றன. அந்தக் குறையைக் கண்ணை வைத்துத்தான் சமாளிக்கிறோம். அதனால், உளூச் செய்யும்போது முகத்தில் தண்ணீர் அடித்துக் கண்ணை மூடுகிற அந்த நொடியில் உடம்பு சாயும். சுபுஹு இருட்டில் தடுமாறுகிற அதே தெருவில் லுஹருக்கு ஓரளவு நன்றாகவே நடப்போம்.

உங்கள் பிள்ளைக்கு இப்படி இருந்தால், "பராக்குப் பார்த்து நடக்கிறான்" என்று திட்டாமல் நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். ஓதிப் பார்ப்பதை நான் குறை சொல்லவில்லை. என் உம்மாவும் ஓதி ஊதுவார்கள். பரிசோதனையும் வேண்டும் என்கிறேன். பி12 குறைந்தாலும் தள்ளாட்டம் வரும். வைட்டமின் ஈ குறைவால் வருவது பார்ப்பதற்கு என் நோய் போலவே இருக்கும். அவற்றுக்கு மருந்து உண்டு, சீக்கிரம் கண்டுபிடித்தால். என் நோயை மரபணுச் சோதனைதான் உறுதி செய்யும். இது இருதயத்தையும் பாதிக்கலாம், சர்க்கரை நோயும் வரலாம். அதனால் எக்கோவும் சர்க்கரைச் சோதனையும் விடாமல் எடுக்க வேண்டும். 2023-இல் அமெரிக்காவில் ஒரு மருந்துக்கு அனுமதி கிடைத்தது. அது நோயின் வேகத்தைக் குறைக்கும், குணமாக்காது. விலையோ நம் குடும்பங்களுக்கு எட்டாத உயரத்தில்.

தாய்மார்களே, பிள்ளைக்கு இந்த நோய் வந்தால் பழி உங்கள் மேல்தான் விழுகிறது. பழுதான மரபணு வாப்பா, உம்மா இருவரிடமிருந்தும் வந்தால்தான் நோய் வரும். இருவருக்கும் வெளியே ஒன்றும் தெரியாது. அப்படிப்பட்ட தம்பதியின் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. நெருங்கிய சொந்தத்தில் முடிக்கும்போது இருவரிடமும் அந்த மரபணு இருக்கும் வாய்ப்பு கூடுகிறது. மாமன் மகளை, மாமி மகளை முடிப்பதை மார்க்கம் தடுக்கவில்லை, கட்டாயமாக்கவும் இல்லை. வீட்டில் ஒருவருக்கு நோய் இருந்தால், அவர் கூடப்பிறந்தவர்களுக்குச் சொந்தத்தில் பேசி முடிக்கும் முன் மரபணு ஆலோசனை கேளுங்கள்.

இப்போது கைத்தடிக்கு வருகிறேன். தம்பிமார்கள் இதைத்தான் தள்ளிப்போடுகிறார்கள். "இந்த வயசில் தடியா? பெண் யார் தருவா?" என்று வீட்டிலும் சொல்கிறார்கள். தடி இல்லாமல் தள்ளாடினால் குடிகாரன். தடியோடு தள்ளாடினால் உடம்புக்கு முடியாதவர். நேற்று வரை முறைத்த கண்டக்டர் எழுந்து இடம் வாங்கித் தருகிறார்! கால் அதே கால்தான். பிசியோதெரபிஸ்ட்டைக் கேட்டு வாங்குங்கள். சிலருக்குத் தடி போதாது, வாக்கர்தான் சரி. செருப்போடு நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால், தடியின் பிடி மணிக்கட்டு உயரத்துக்கு வர வேண்டும். அடியில் உள்ள ரப்பர் தேய்ந்தால் மாற்றிவிடுங்கள். தேய்ந்த ரப்பர் ஈரத்தில் வழுக்கும். கைலியைக் கரண்டைக்கு மேலே கட்டுங்கள். சுன்னத்தும் ஆச்சு, கால் தடுக்காமலும் ஆச்சு. குளியலறையில் துண்டு போடும் கம்பி ஆளைத் தாங்காது. சுவரில் தனியாகக் கைப்பிடி அடிக்கச் சொல்லுங்கள்.

தொழுகைக்கு வழி நமக்கு எப்போதோ காட்டப்பட்டுவிட்டது. நிற்க முடியாவிட்டால் உட்கார்ந்து, அதுவும் முடியாவிட்டால் படுத்துத் தொழலாம் என்று இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் சொன்னது புகாரியில் பதிவாகியிருக்கிறது. ஆகவே வாலிபன் நாற்காலியில் தொழுதால் ஏற இறங்கப் பார்க்காதீர்கள். காலை அகட்டி நின்றால், ஸஃப்பில் அவன் காலை இடித்துச் சேர்க்காதீர்கள். அகட்டினால்தான் அவனால் நிற்க முடியும்.

ஒருவர் விழுந்தால் கையைப் பிடித்து இழுக்காதீர்கள், தோள் பிசகிவிடும். அடி பட்டதா என்று கேளுங்கள். இல்லையென்றால் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து பக்கத்தில் போட்டு, அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். முட்டி போட்டு, அதைப் பிடித்து அவரே எழுந்துகொள்வார்.

முத்தவல்லி அவர்களிடம் ஒரு கோரிக்கை. ஹவுளுக்குப் போகும் மூன்று படிக்கும் ஒரு பக்கமாவது இரும்புக் கைப்பிடி வேண்டும். உளூச் செய்யும் இடத்தில் கடைசிக் குழாய்க்கு முன்னால் ஒரு கல் இருக்கை, அதற்கு மேலே ஒரு விளக்கு. வெல்டிங் செய்யும் சகோதரர் கூலி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கம்பிக்கு மட்டும் யாராவது பொறுப்பேற்றுக்கொண்டால் ரமளானுக்கு முன்னால் முடித்துவிடலாம், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.