மூடிய கதவும் பூட்டிய கதவும்

நாம் பணிபுரியும் அலுவலகத்தில், நான்காம் மாடிப் படிக்கட்டின் வாயிலில் கனத்த இரும்புக் கதவு ஒன்று உண்டு. திறந்து விட்டால் தானே மூடிக்கொள்ளும்படி அதன் தலைப்பில் ஒரு கருவியும் பொருத்தப்பட்டிருக்கிறது. ஆயினும் அக்கதவு மூடியிருந்து நாம் நெடுநாள் கண்டதில்லை. தீயணைக்கும் சிவப்பு உருளை ஒன்றை அதன் அடியில் முட்டுக்கொடுத்து, எந்நேரமும் அதைத் திறந்தே வைத்திருந்தார்கள். தேநீர் கொண்டுவரும் இளைஞரிடம் காரணம் கேட்டோம். "இரண்டு கையிலும் தட்டு இருக்கிறதே, ஐயா! கதவை எந்தக் கையால் தள்ளுவது?" என்றார். அவர் கூற்றில் நியாயம் இருந்தது.

தீயை அணைக்க வைத்த கருவி, தீயைத் தடுக்க வைத்த கதவைத் தடுத்து நிறுத்தியிருந்தது. நம் பேச்சின் பொருள் முழுவதும் இக்காட்சியில் அடங்கியிருக்கிறது.

பெரிய வாணிகக் கட்டடங்களைத் தீயினின்று காப்பதற்கு இருவகை ஏற்பாடுகள் உண்டு. புகையைக் கண்டு மணியடிக்கும் கருவி, கூரையிலிருந்து நீர் தெளிக்கும் குழாய், கையில் எடுத்துப் பீச்சும் உருளை ஆகியவை ஒரு வகை. இவை பயன்படுவதற்கு மின்சாரமோ, நீரோ, மனிதர் கையோ வேண்டும். சுவர், தளம், கதவு, தூணின்மேல் இட்ட பூச்சு ஆகியவை மற்றொரு வகை. நிற்பதே இவற்றின் தொழில். இவ்வகையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லைச் 'செயலற்ற காப்பு' எனத் தமிழில் பெயர்ப்பார் உண்டு. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு அத்தொடர் உவப்பாக இல்லை. கோட்டை மதிலைச் செயலற்றது என்று யாரேனும் சொல்வார்களோ? 'நிலைக்காப்பு' என்றே இங்கு வழங்குவோம்.

நிலைக்காப்பின் நோக்கம் நெருப்பை அணைப்பதன்று. அது பிறந்த அறையிலேயே அதனைச் சிறிது நேரம் சிறைவைப்பது. அந்த நேரத்தில் மனிதர் வெளியேற வேண்டும். தீயணைப்போர் உள்ளே வரவேண்டும். ஆகவே இக்காப்பினை நேரத்தைக் கொண்டே அளக்கிறார்கள். ஒரு சுவரையோ கதவையோ சோதனை உலையின் வாயிலில் பொருத்தி, வரையறுத்த முறைப்படி வெப்பத்தை ஏற்றுவார்கள். உலகில் பரவலாக வழங்கும் தரமுறையின்படி, அவ்வுலை அரைமணி நேரத்தில் ஏறத்தாழ 840 டிகிரி செல்சியசையும், ஒருமணி நேரத்தில் 945 டிகிரியையும், இரண்டுமணி நேரத்தில் 1,050 டிகிரியையும் எட்டும். சுடர் மறுபுறம் வராமல் எத்தனை நேரம் நிற்கிறதோ, அத்தனை நேரக் கதவு என்று அதற்குப் பெயர். திறந்து கிடக்கும் இரண்டுமணி நேரக் கதவின் மதிப்போ ஒரு நிமிடமும் அன்று.

கட்டடத்தின் எலும்புகளையும் இவ்வாறே காக்கவேண்டும். எஃகு எரிவதில்லை, ஆதலால் அதற்குத் தீயால் அச்சமில்லை என்று எண்ணுகிறோம். அது உருகுவதற்கு ஏறத்தாழ 1,500 டிகிரி வெப்பம் வேண்டும் என்பது உண்மையே. ஆனால் 550 டிகிரியை ஒட்டியே அது தன் வலிமையில் ஏறக்குறையப் பாதியை இழந்துவிடும். சுமை தாங்கும் உத்தரம் உருகவேண்டியதில்லை, தளர்ந்தாலே போதும். இதனால்தான் எஃகுத் தூண்களுக்குக் காங்கிரீட் உறை இடுகிறார்கள்; ஜிப்சம் பலகை போர்த்துகிறார்கள்; அல்லது சூடு பட்டதும் நுரைபோலப் பன்மடங்கு பொங்கிப் போர்வையாகும் பூச்சினைப் பூசுகிறார்கள். ஜிப்சத்தின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு நீர். அந்நீர் ஆவியாகித் தீரும்வரை பலகையின் மறுபுறம் பெரிதும் சூடேறுவதில்லை. காங்கிரீட்டினுள் இருக்கும் கம்பியைக் காப்பதும் அதன்மேல் உள்ள காங்கிரீட்டின் கனமே.

விடுமுறைக்கு ஊர் செல்லும் நம்மவர் பலர் துணி எடுக்கும் இடம் சென்னைத் தியாகராய நகர். அங்கு உஸ்மான் சாலையில் இருந்த பல மாடித் துணிக்கடை ஒன்றில் 2017 மே 31 அன்று அதிகாலையில் தீப்பற்றியது. ஒரு நாளுக்கு மேல் அது எரிந்தது. கட்டடத்தின் ஒரு பகுதி சரிந்து வீழ்ந்தது. எஞ்சியதைப் பின்னர் இடிக்க நேர்ந்தது. கடை திறந்திருந்த மாலை வேளையில் அது நிகழ்ந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

ஆயினும் கட்டடத் தீயில் மனிதரைப் பெரும்பாலும் கொல்வது சுடரன்று, புகையே. பெங்களூருவின் பழைய விமானநிலையச் சாலையில் உள்ள கார்ல்டன் டவர்ஸ் என்னும் அலுவலகக் கட்டடத்தில், 2010 பிப்ரவரி 23 அன்று, மின்கம்பிகள் மாடிக்கு மாடி செல்லும் செங்குத்தான கூண்டில் தீப்பிடித்தது. எழுந்த புகை மேல்மாடிகளை நிரப்பியது. மூச்சுத் திணறியவர்கள் சன்னற் கண்ணாடிகளை உடைத்துக்கொண்டு கீழே குதித்தார்கள். ஒன்பது பேர் உயிரிழந்தனர். கொல்கத்தாவின் தென்பகுதியிலிருந்த மருத்துவமனை ஒன்றில், 2011 டிசம்பர் 9 அன்று விடியுமுன், நிலவறையில் தோன்றிய புகை மேலேறியது. ஏறத்தாழ 90 பேர் மாண்டனர். அவர்களுள் மிகப் பலர் படுக்கையை விட்டு எழ இயலாத நோயாளிகள்.

செங்குத்தான கூண்டு எதுவாயினும், அடைக்காமல் விட்டால் அது புகைபோக்கியே ஆகிவிடும். ஆகவே ஒவ்வொரு தளத்திலும், கம்பிகளைச் சுற்றியுள்ள இடைவெளியைத் தீ தாங்கும் பொருளால் அடைக்க வேண்டும். கட்டும்போது இது செய்யப்படுவதும் உண்டு. கேடு பின்னர் வருகிறது. குளிர்சாதனத்துக்கென்று ஒருவர் சுவரைத் துளைக்கிறார். தொலைபேசிக்கென்று மற்றொருவர் துளைக்கிறார். இணையக் கம்பிக்கென்று மூன்றாமவர் துளைக்கிறார். துளைக்கக் கூலி உண்டு. அடைக்கக் கூலி இல்லை. பொய்க்கூரை அந்தத் துளைகளை மறைத்துவிடுகிறது. மனிதர் கண்ணுக்குத் தப்பிய துளையைப் புகை தவறாமல் கண்டுகொள்ளும்.

தில்லிவாழ் தமிழர் மறக்கவியலாதது உபஹார் திரையரங்கின் தீ. 1997 ஜூன் 13 அன்று, தரைத்தளத்து மின்மாற்றியில் தொடங்கிய தீ, அங்கு நிறுத்தியிருந்த கார்களைப் பற்றியது. புகை படிக்கட்டு வழியே மேலேறிப் பால்கனியை அடைந்தது. அங்கோ, கூடுதல் இருக்கைகள் போட்டதனால் வெளியேறும் வழியொன்று அடைபட்டிருந்தது. இது நீதிமன்றத்தில் ஆராயப்பட்டு நிலைநாட்டப்பெற்ற செய்தி. மாண்டவர்கள் 59 பேர்.

புகையைத் தடுத்திருக்க வேண்டிய வழி கீழே திறந்திருந்தது. மனிதரை விட்டிருக்க வேண்டிய வழி மேலே அடைந்திருந்தது. நம் நாட்டுத் தீ விபத்துக்கள் பலவற்றில் இவ்விரு பிழைகளும் கூடியே காணப்படுகின்றன. மூடுவது வேறு, பூட்டுவது வேறு. மூடிய கதவு புகையை நிறுத்தும். ஆனால் தள்ளினால் மனிதருக்கு வழிவிடும். பூட்டிய கதவோ மனிதரை நிறுத்திவிடும். திருடனுக்கு அஞ்சிப் பூட்டுகிறோம் என்பர் கடைக்காரர். வெளியிலிருந்து திறக்க முடியாமலும், உள்ளிருந்து ஒரு சட்டத்தைத் தள்ளினால் உடனே திறக்கும்படியும் அமைந்த கதவுகள் கடைகளிலேயே கிடைக்கின்றன. ஆதலின் அக்காரணம் இனிச் செல்லாது.

விதிகள் இல்லாமலும் இல்லை. இந்தியத் தேசியக் கட்டட விதித்தொகுப்பு 1970-இல் முதன்முதல் வெளிவந்தது. அதன் நான்காம் பகுதி தீப்பாதுகாப்பைப் பற்றியது. 2016-ஆம் ஆண்டுப் பதிப்பு 15 மீட்டரும் அதற்கு மேலும் உயர்ந்த கட்டடங்களை உயர்மாடிக் கட்டடங்கள் என வகுத்து, படிக்கட்டு, கம்பிக்கூண்டு, கதவு ஆகியவற்றின் காப்பினை விரித்துரைக்கிறது. ஆயினும் சான்றிதழ் பெறும் நாளில் மூடியிருந்த கதவு மறுநாளும் மூடியிருக்கிறதா என்று பார்க்க, அங்கே நாள்தோறும் வேலை செய்பவர்களே வேண்டும்.

மும்பையிலும் தில்லியிலும் பெங்களூருவிலும் மாடிக் கட்டடங்களில் பணிபுரிபவர்கள் நாம். அக்கட்டடங்கள் நம்முடையவை அல்ல. அங்குள்ள உயிர்கள் நம்முடையவை. நாளைக் காலை மின்தூக்கியை விடுத்துப் படிக்கட்டில் ஒருமுறை ஏறிப் பாருங்கள். படிக்கட்டின் கதவு தானே மூடிக்கொள்கிறதா? கடைசிக் கதவு சாவியின்றித் திறக்கிறதா? படிகளில் அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருக்கின்றனவா? கம்பிக்கூண்டின் உட்புறம் தளத்துக்குத் தளம் அடைத்திருக்கிறதா? பிழை கண்டால் கட்டடத்தைப் பராமரிப்பவருக்கு எழுத்திலே தெரிவியுங்கள். வாய்ச்சொல் மறக்கப்படும், தாளுக்கு விடை சொல்லியாக வேண்டும்.

நாமும் எழுதினோம். கதவைத் திறந்து பிடித்திருந்து, அபாயமணி ஒலித்தவுடன் விட்டுவிடும் மின்காந்தப் பிடி ஒன்று உண்டு. அதனைப் பொருத்துமாறு கேட்டிருக்கிறோம். சிவப்பு உருளை தன் பழைய இடத்துக்குப் போய்விட்டது. பிடி வந்து சேரும் வரையில், காலை பதினொரு மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் எங்களுள் ஒருவர் எழுந்து சென்று, தேநீர் கொண்டுவரும் இளைஞருக்குக் கதவைத் திறந்துவிடுகிறார். அவர் உள்ளே வந்ததும் கதவு தானே மூடிக்கொள்கிறது.