தொலைத்தொடர்புக் கல்வியும் நம் கடமையும்

(நம் சங்கத்து ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பல்கலைக்கழகத்தில் தொலைத்தொடர்புப் பொறியியல் பயிலுதல் பற்றிப் பேசுமாறு சங்கத்தார் எம்மைப் பணித்தனர். தமிழாசிரியர்க்கு இப்பொருளில் என்ன உரிமை எனச் சிலர் ஐயுறலாம். இப்பாடத்திற்கு மாணாக்கரை அனுப்பியவரும், இடையில் திரும்பிய ஒருவனைக் கண்டு வருந்தியவரும் யாமாதலின் பேசத் துணிந்தோம்.

இஃது கருவிகளைப் பழகும் கல்வியென நம்மவருட் பலர் எண்ணுகின்றனர். அது பிழை. கருவிகள் நிலையா. 1850-இல் கல்கத்தாவுக்கும் டைமண்டு ஹார்பருக்கும் இடையே இந்நாட்டில் தோன்றிய தந்தி 2013-இல் நிறுத்தப்பட்டது. ஆனால் பிரஞ்சு அறிஞர் பூரியே 1822-இல் வெப்பம் பற்றிய நூலில் விளக்கிய கணிதம் இன்றைய கைப்பேசிக்கும் அடிப்படையாயுள்ளது. 1948-இல் கிளாட் ஷானன் செய்தியை அளக்க வகுத்த முறை இன்றும் பாடமாயுள்ளது. ஆதலின் கருவியைக் கற்பதினும் அதன் காரணத்தைக் கற்பதே இக்கல்வியாம்.

ஓர் உதாரணம் கூறுவோம். நம் இலக்கண நூலார் ஒலியைக் கண்ணிமைப் பொழுதாகிய மாத்திரையால் அளந்தனர். தொலைபேசித் துறையினர் குரலை நொடிக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் பூச்சியமும் ஒன்றுமாகிய 8 இலக்கங்களாற் குறிப்பர். ஆக நொடிக்கு 64,000 இலக்கங்கள். ஏன் 8,000? தொலைபேசி ஏற்றுச் செல்லும் குரலின் மிகுந்த அதிர்வு நொடிக்கு ஏறத்தாழ 3,400. அதன் இருமடங்கிற்கு மேல் அளந்தாலன்றி அக்குரலைப் பழுதின்றி மீட்டல் இயலாது. இந்த ‘ஏன்’ என்னும் வினாவே நான்காண்டுப் படிப்பின் உயிர்.

நிற்க. எம்மிடம் பயின்ற ஏழை மாணவன் ஒருவன் கணிதத்தில் மிக்க மதிப்பெண் பெற்று இப்பாடத்திற் சேர்ந்தான். தந்தையார் கறவை மாடுகளை விற்றுப் பணம் கட்டினார். முதலாண்டில் மூன்று தாள்களில் தவறி அவன் வீடு திரும்பினான். “ஐயா, கணக்குப் போடத் தெரிகிறது, எதற்குப் போடுகிறோமென்று தெரியவில்லை. கேட்கலாமென்றால் ஆங்கிலம் வரவில்லை” என்றான். வினாவிடையை நெட்டுருச் செய்வித்து அனுப்பிய ஆசிரியருள் யாமும் ஒருவர். அக்குற்றத்தை இவ்வவையில் ஒப்புகின்றோம்.

2010-இல் அண்ணா பல்கலைக்கழகம் தமிழ்வழியில் தொடங்கியவை அமைப்பியலும் இயந்திரவியலுமே. 2021-ஆம் ஆண்டுச் சட்டம் அரசுப் பள்ளி மாணவர்க்குத் தொழிற்கல்வியில் 7.5 விழுக்காட்டு இடம் வழங்கிற்று. வாயில் திறந்தது, உட்சென்றவர் தளராமற் காத்தல் நம் கடமை.

நம் சங்கம் மிக்க மதிப்பெண் பெற்றார்க்குப் பரிசளித்து வருகின்றது. நன்று. அப்பொருளிற் பாதியையேனும் முதலாண்டில் இடர்ப்படுவோர்க்கு ஒதுக்குமாறு வேண்டுகின்றோம். கோடை விடுமுறையில் கணிதமும் இயற்பியலும் தமிழில் விளக்கும் வகுப்பு நடைபெறுக. நம் பொறியாளர்கள் ஞாயிறுதோறும் இரண்டு மணிநேரம் உதவுக. பெண்மக்களும் அவ்வகுப்பில் அமர்க. கலைச்சொற்களை ஆங்கிலத்திலும் கற்கட்டும். கருத்தைத் தாய்மொழியில் உணரட்டும். இஃது இயலாததன்று. குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் மின்னணுவியல் பயின்று, பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பணியாற்றிய எஸ். ரங்கராஜனே, சுஜாதா என்னும் பெயரில் அறிவியலைத் தமிழில் எழுதியவர்.

எம் மாணவன் மீண்டும் தேர்வெழுத இசைந்துள்ளான். அவ்வகுப்பின் முதலிடம் அவனுக்காகுக.